வாசிப்பவர், கையெழுத்துப் போடுபவர், சாப்பு வைத்திருப்பவர்

இருபத்தாறு வருடமாக இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் அரசியலமைப்புப் பாடம் வரும். பலகையில் மூன்று பெட்டி வரைவேன். முதல் பெட்டியில் சட்டம் செய்கிற நாடாளுமன்றம், இரண்டாவதில் அதை நடத்துகிற அமைச்சரவை, மூன்றாவதில் தீர்ப்புச் சொல்கிற நீதிமன்றம். நடுவே அம்புக்குறிகள். எதற்காக இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்று கேட்பேன். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாம் ஒரே ஆள் கையில் போய்விட்டால் அவன் கொடுங்கோலன் ஆகிவிடுவான் என்று நானே பதில் சொல்லி, சரியான பதில் என்று நானே தலையாட்டி, நானே பலகையை அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவேன். மூன்று பெட்டி வேலையையும் ஒரே ஆளாக நான் பார்ப்பதை எந்த வகுப்பும் இதுவரை கவனித்ததில்லை.

கொடுங்கோலன் என்றால் என் மனத்தில் ஒரு படம் உண்டு. பெரிய மீசை, பூட்ஸ், உயரமான மேடை. சிரம்பானை அடுத்த மம்பாவில் அடுக்கு வீட்டில் குடியிருந்து, காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொள்கிற, பாதி தலை வழுக்கையான வாத்தியார் ஒருவர் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. போன வருடம்தான் அவரையும் அதில் சேர்க்க வேண்டியதாயிற்று.

நான் பிறந்தது லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே கிராணி. துரைக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கடிதத்தை இந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்து மனுவை அந்தப் பக்கத்துக்கும் எழுதிக்கொடுத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஆங்கிலம் படித்த குடும்பம் என்பதால் எங்கள் வீட்டுக்கு, தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து சற்றுத் தள்ளி, தனி வேலியோடு ஒரு மரியாதை இருந்தது. இப்போது அந்த வீடும் இல்லை, ரப்பரும் இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை. லயத்தில் பத்தொன்பது வீடுகளில் மட்டும் ஆள் இருக்கிறார்கள். வேலை வெளியே, தொழிற்சாலைகளில். வீடு மட்டும் உள்ளே.

அந்தப் பத்தொன்பது வீட்டுக்கும் ஒரு குடியிருப்பாளர் சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு சட்டப் புத்தகம். புத்தகம் என்ன புத்தகம், நான்கு பக்கம். அதில் மூன்றாவது பக்கத்தில் இருப்பதை நான் வேறு எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை. சங்கத்துக்கு வரும் கடிதத்தை ஒருவர் வாசிக்க வேண்டும். வாசிப்பவர் கையெழுத்துப் போடக்கூடாது. கையெழுத்துப் போடுபவர் சங்கத்துச் சாப்பை, அதாவது ரப்பர் முத்திரையை, வைத்திருக்கக்கூடாது. சாப்பு வைத்திருப்பவர், எல்லார் காதிலும் விழும்படி கடிதம் வாசிக்கப்படும்வரை அதை வெளியே எடுக்கக்கூடாது. இந்த விதியை மாற்ற வேண்டுமானால் இருபத்தொரு நாள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் கை தூக்க வேண்டும்.

இப்படி ஒரு விதி வருவதற்குக் காரணம் என் அப்பா.

ஓடைக்கு அந்தப் பக்கம் லயத்து ஆட்கள் மரவள்ளியும் கத்தரியும் போட்டிருந்தார்கள். ஒருநாள் நிர்வாகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம். மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று துரை சொல்லியனுப்பினார். அப்பா வாசித்தார், குடியிருப்பாளர்கள் சார்பில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், மேசை இழுப்பறையிலிருந்த சாப்பை எடுத்துக் குத்தினார். எல்லாம் முக்கால் மணி நேரத்தில். அந்த நிலத்தை எடுத்துக்கொள்ள ஆட்சேபம் ஏதும் உண்டா என்றுதான் கடிதம் கேட்டிருந்தது. இல்லை என்று பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மாதம் அந்தத் துண்டு நிலமெல்லாம் உழப்பட்டது. அப்பா யாரிடமும் எதுவும் வாங்கியவரில்லை. அவரைப் பிடித்திருந்தது பயம். ஐந்து மணி ஆகிறதே என்ற பயம். அது புரிந்ததால்தான் லயத்து ஆட்கள் அவரைத் திட்டவில்லை, ஒரு விதி எழுதினார்கள். அதை டைப் அடித்துக்கொடுத்ததும் அப்பாதான். வேறு யாருக்கு அங்கே டைப் தெரியும்?

அப்பாவுக்குப் பிறகு வாசிப்பவர் பொறுப்பு எனக்கு வந்தது. வெளியே குடியிருப்பதால் ஓட்டு கிடையாது, வாசிக்க மட்டும் வாய் உண்டு. என்னைவிட நன்றாக வாசிக்கிற இளவட்டங்கள் லயத்திலேயே இருந்தார்கள். ஆனால் கவர்மெண்ட் கடிதம், லாயர் கடிதம் என்றால் கிராணி வீட்டு ஆள்தான் வாசிக்க வேண்டும் என்ற பழக்கம் மட்டும் போகவில்லை. நானும் அதைப் போகவிடவில்லை. பெருமையாக இருந்தது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு ஒரு கடிதம், வாசிப்பவரான என் விலாசத்துக்கே பதிவுத்தபாலில் வந்தது. தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனியின் வழக்கறிஞர் அனுப்பியது. ஏழு நாளுக்குள் இணைத்திருக்கும் தாளில் சங்கம் கையெழுத்திட்டுத் தர வேண்டும். தந்தால் வேறு ஊரில் மலிவு வீடு பார்த்துக்கொடுக்கப்படும். தராவிட்டால் மறு அறிவிப்பின்றி வீடுகள் கையகப்படுத்தப்படும். இதைப் படித்துவிட்டு நான் முதலில் செய்த காரியம் மாத்திரை போட்டுக்கொண்டது. போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொன்றும் போட்டேன். பிறகு இரண்டு மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்று படிக்க உட்கார்ந்தேன். என் மனைவி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நோட்டீஸ் அவர்களுக்கா உங்களுக்கா என்று கேட்டாள். நல்ல கேள்விதான். அப்போது எனக்கு அது நக்கலாகப் பட்டது.

உடனே சங்கத் தலைவிக்குப் போன் போட்டேன். முன்பு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், இப்போது ஒரு பள்ளிக் கேன்டீனில் சமைக்கிறார். எல்லாருக்கும் அவர் அக்கா. கையெழுத்துப் போடுபவர் அவர்தான். அக்கா, மலிவு வீடாவது கிடைக்கட்டும், இன்றைக்கே வருகிறேன், தாளில் போட்டுவிடுங்கள் என்றேன். இத்தனை வேகமாக நான் பேசி அவர் கேட்டதில்லை போலும். எல்லாருக்கும் வாசித்துக் காட்டியாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் பேனாவைத் தேட வேண்டியதில்லை, நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை தோட்டத்து மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். கடிதத்தை மலாயிலும் தமிழிலும் வாசித்தேன். வாசித்து முடித்ததும் என் வேலை முடிந்தது, உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. ஒரு பிரசங்கம் செய்தேன். இது சாதாரண நேரம் இல்லை, ஆபத்து நேரம். கூட்டம் கூட்டி, வாசித்து, ஆளைத் தேடி, சாப்பைத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் வீட்டை இடித்துவிடுவார்கள். இது முடியும்வரை மூன்று பொறுப்பையும் என்னிடம் கொடுங்கள். நானே வாசிக்கிறேன், நானே முடிவெடுக்கிறேன், நானே சாப்புப் போடுகிறேன். எல்லாம் உங்கள் நன்மைக்காகத்தான். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்ததாகவும் ஞாபகம்.

அதிசயம் என்னவென்றால், அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பத்தொன்பது வீட்டில் பதினான்கு வீட்டுக் கை மேலே போனது. யாரும் என் பேச்சில் மயங்கவில்லை. பேச்சை யாரும் சரியாகக் கேட்கக்கூட இல்லை. அவர்களுக்குக் களைப்பு. ஷிப்ட் வேலை, பஸ், வாடகைக்கு வீடு தேடி அலைந்து கிடைக்காமல் திரும்பிய வருடங்கள். யாராவது ஒருவர் இந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தார்கள். ஒருவர், சாரே பார்த்துக்கொள்ளட்டும், நாம் போய்ப் படுப்போம் என்று பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அது கைத்தட்டல் மாதிரி இனித்தது.

அக்கா தூக்கிய கைகளை எண்ணினார். எண்ணிவிட்டு, கை சரி, நாள் சரியில்லை என்றார். இருபத்தொரு நாள் முன்னால் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். இன்றைக்கு எழுதிக்கொடுத்தால் இருபத்தொரு நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம். ஏழு நாளில் வீடு போய்விடும், இருபத்தொரு நாள் கணக்குப் பேசுகிறீர்களே என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆத்திரத்தில் எழுதியே கொடுத்தேன்.

அடுத்து சாப்பு. அது கீழ் லயத்தில் ஒரு லோரி டிரைவரிடம் இருந்தது. தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரக் குடும்பம், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சாப்பை மைலோ டப்பாவில் போட்டு வைத்திருப்பான். மண்டபத்துக்கு வெளியே அவனைத் தனியாகப் பிடித்து, நமக்குள் என்னடா, டப்பாவைக் கொடு என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"எம்மவ ஒங்கிட்டதானே படிச்சா வாத்தியாரே. மூணு பொட்டி வரைவியாமே?"

"அது பாடம்லா."

"மூணு பொட்டிக்கும் சேத்து ஒரே ஆளா நிக்கிறியே, அதையும் வரைஞ்சு காட்டுனியா?"

எனக்குக் கோபம் வந்தது. உன் வீடும்தானே போகும் என்றேன். போகும் என்றான். உனக்குப் பயமாக இல்லையா என்றேன். இருக்கிறது என்றான். "ஒங்கப்பாருக்கும் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு லோரியைத் துடைக்கப் போய்விட்டான்.

இதற்கு மேல் ஒரு மானமுள்ள மனிதன் வீட்டுக்குப் போயிருப்பான். நான் சிரம்பானுக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில் சாப்பு செய்துகொடுக்கும் சின்னக் கடை எனக்குத் தெரியும். சங்கத்துப் பெயரில் இன்னொரு சாப்பு செய்துவிட்டால் டப்பாவைக் கெஞ்ச வேண்டியதில்லை. தலைவியின் கையெழுத்தை என்ன செய்வதாக இருந்தேன் என்று கேட்காதீர்கள், அதுவரை நான் யோசிக்கவே இல்லை. கடைக்காரர் ஒரு சீனக் கிழவர். கணினியில் எழுத்தெல்லாம் அடித்துவிட்டு, சங்கத்து அனுமதிக் கடிதம் எங்கே என்று மலாயில் கேட்டார். கடிதம் இல்லையே என்றேன். கடிதம் வேண்டும், அதில் சங்கத்துச் சாப்பு இருக்க வேண்டும் என்றார். சாப்பு இல்லாததால்தானே சாப்பு செய்ய வந்திருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கி என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் இருபத்தாறு வருட சர்வீஸும் கரைந்தது. வேர்த்து ஒழுகிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்து, பக்கத்துக் கடையில் சீனி போடாத காப்பி கேட்டு, அதில் நானே நாலு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன்.

திங்கட்கிழமை லீவு எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். முதலில் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம். நிலம் மாநிலத்து விஷயம், எங்கள் கையில் இல்லை என்றார்கள். கூட்டரசுக்கு எது, மாநிலத்துக்கு எது என்று அரசியலமைப்பில் பட்டியல் போட்டிருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் என்பதை ஒவ்வொரு வருடமும் நான்தான் பலகையில் எழுதுகிறேன். எழுதுகிற கைக்குத் தெரிந்தது, ஓடுகிற காலுக்குத் தெரியவில்லை. சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன். தனியார் நிலம், நாங்கள் நேராக உள்ளே வர முடியாது, நில அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். நில அலுவலகத்தில், பட்டா விஷயம் எங்களுடையது, வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றுவது எங்களுடையது இல்லை என்றார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாற்காலி கொடுத்தார்கள். மரியாதையாகத் திருப்பியனுப்பப்படுவதில் உள்ள களைப்பு, திட்டு வாங்குவதில் இல்லை.

சாயங்காலம் காரில் உட்கார்ந்துகொண்டு, இந்த நாட்டில் ஒருவர் கையிலாவது முழு அதிகாரம் இருக்கக்கூடாதா, ஒரே கையெழுத்தில் முடித்துவிடலாமே என்று நினைத்தேன். மூன்று பெட்டிக்காரன் நினைத்த நினைப்பு இது.

மறுநாள் சிரம்பானில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கும் ஓர் இளம் வழக்கறிஞரைப் பார்த்தேன். தமிழ்ப் பெண், பகாவ் ஊர்க்காரர். கடிதத்தை இரண்டுமுறை படித்தார். இணைப்புத் தாளை மூன்றுமுறை படித்தார். இதில் யாராவது கையெழுத்துப் போட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பு? அதுவும் இல்லை. அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்தத் தாளின் ஐந்தாவது வரியில், எந்த உரிமையும் எங்களுக்கு இல்லை, எந்த வழக்கும் போட மாட்டோம் என்று இருந்ததைக் காட்டினார். நான் அதை மண்டபத்தில் சத்தமாக வாசித்திருந்தேன். வாசித்தது என் காதிலேயே விழவில்லை.

முந்தின நாள் முழுக்க நான் அலைந்ததையும், எங்கே போனாலும் எங்கள் கையில் இல்லை என்றதையும் அவரிடம் புலம்பினேன். அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அதே பதிலத்தான் சார் கம்பெனிக்கும் சொல்லுவாங்க. ஒங்களுக்குக் குடுக்காத ஒத்தக் கையெழுத்து அவங்களுக்கும் கிடைக்காது. வீட்ட எடுக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் வரணும், அவங்களா வந்து எடுக்க முடியாது. நீங்க அலையிற மாதிரி அவங்களும் அலையட்டும் லா."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கதவுகளெல்லாம் என் முகத்தில் மட்டும் சாத்தப்படுவதாக நினைத்திருந்தேன். எல்லார் முகத்திலும் பாதிதான் திறக்கிற மாதிரி செய்த கதவுகள் அவை. எங்கள் மாநிலத்து ராஜாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் நான்கு உண்டாங்குகள், அதாவது நான்கு பகுதிகளின் தலைவர்கள். தேர்ந்தெடுக்கிற அந்த நால்வரும் அந்த ஆசனத்தில் தாங்கள் உட்கார முடியாது. இதை மாணவர்களுக்கு ஒரு விசித்திரம்போலச் சொல்லிவந்தேன். கொடுப்பவன் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அந்த ஏற்பாடு. வாசிப்பவன் கையெழுத்துப் போடக்கூடாது என்று லயத்தில் எழுதிவைத்ததும் அதே ஏற்பாடுதான். கெட்டவன் வருவான் என்று பயந்து மட்டும் இப்படிப் பிரிப்பதில்லை. நல்லவன் ஒருநாள் பயந்துபோவான், மற்றவர்கள் அன்றைக்குக் களைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் போதும். வீடு போய்விடும்.

கூட்டம் ஒத்துக்கொண்டு, ஏழு நாள் கெடு முடிவதற்குள் வழக்கு பதிவானது. முதல் நாள் நீதிமன்றத்தில் கம்பெனியின் வழக்கறிஞர் நிலம் எங்களுடையது, பட்டா இருக்கிறது என்று நீளமாகப் பேசினார். நீதிபதி எதையும் பாராட்டவில்லை, எதையும் கண்டிக்கவில்லை. பட்டா இருப்பதற்கும் நீங்களே போய்க் கதவை உடைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் கேட்டார். வழக்கு விசாரிக்கப்படும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்று உத்தரவு. அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலைக்கு லீவு போட்டு வந்த லயத்து ஆட்கள், அவ்வளவுதானா, முடியவில்லையா என்று என்னைக் கேட்டார்கள். முடியவில்லை, ஆனால் இருக்கலாம் என்றேன். எத்தனை நாளைக்கு என்றார்கள். தெரியாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவில்லை. வேனில் ஏறித் தூங்கிவிட்டார்கள்.

அதற்கு நான்கு நாள் கழித்து இருபத்தொரு நாள் முடிந்தது. கூட்டம் கூடியது. தீர்மானம் ஒன்று: மூன்று பொறுப்பையும் வாத்தியாரிடமே ஒப்படைப்பது. ஆத்திரத்தில் என் கையால் எழுதிக்கொடுத்தது. நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வாசித்து அறிவித்தாயிற்று, இனி கூட்டத்துச் சொத்து, கை தூக்கித்தான் முடிவு என்றார் அக்கா. அவருக்கு இதில் கொஞ்சம் சந்தோஷமே இருந்ததாக எனக்குத் தோன்றியது.

ஆகவே என் தீர்மானத்தை எதிர்த்து நானே பேசினேன். எனக்கு இதைக் கொடுக்காதீர்கள், கையெழுத்துப் போட இருந்தவனே நான்தான், ஐந்தாவது வரியை வாசித்தும் கவனிக்காதவன், சாப்புக் கடைவரை போனவன் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சிலர் சிரித்தார்கள். அடக்கமாகப் பேசுகிறார் என்றும் ஒருவர் சொன்னார். கோர்ட்டில் நின்று ஜெயித்துக் கொடுத்த மனுசன், இவருக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது என்றார் இன்னொருவர். களைப்பு மூன்று வாரத்தில் குறைந்திருக்கவில்லை. கைகள் மேலே போயின. எனக்கு ஓட்டு இல்லை. நின்று வேடிக்கை பார்த்தேன்.

அக்கா எண்ணினார். பதின்மூன்று. மூன்றில் இரண்டு பங்குக்கு அது போதும்.

கடைசி வீட்டுப் பெண் ஒருத்தி உண்டு. தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள், கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்தவளில்லை. அவள் கையும் மேலேதான் இருந்தது. அக்கா புத்தகத்தில் எழுதக் குனிந்தபோது அவள் கையை இறக்கினாள். ஏன் என்று அக்கா கேட்டார். அவள் என்னைப் பார்த்தே சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க நல்லவருதான். ஆனா பயந்துக்குவீங்க."

அக்கா பன்னிரண்டு என்று எழுதினார். தீர்மானம் விழுந்தது. எதிர்த்துப் பேசியவன் நான், நான் கேட்டதுதான் கிடைத்தது, வீடுகள் இனி ஒரு பயந்தவன் கையில் இல்லை என்று நிம்மதிப்பட வேண்டியவன். நிம்மதிதான். ஆனாலும் அந்தப் பதின்மூன்றாவது கை கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று அடிமனத்தில் ஒரு வலி எடுத்ததை மறைக்க மாட்டேன். இன்றைக்கும் சில நாள் எடுக்கிறது.

இரண்டாவது விஷயம், கீழ் லயத்துச் சாக்கடை. நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அக்கா அதை என் பக்கம் நகர்த்தினார். எழுந்து நின்று வாசித்தேன். இந்தமுறை ஒவ்வொரு வரியையும், மெதுவாக.